காயாத மேசை

மனைவி வெளிநாட்டில் வேலை செய்ய, பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் ஆண்களை எங்கள் தோட்டத்தில் ‘சவூதி மாப்பிள்ளை’ என்பார்கள். மனைவி குவைத்தில் இருந்தாலும் லெபனானில் இருந்தாலும் பெயர் அதுதான். யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் அந்தப் பெயரை நானும் சில வருடங்கள் சுமந்தேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அதனாலேயே பதிலுக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லை. புதுச் சட்டை போட்டால் “சவூதி வாசம் அடிக்குது” என்பார்கள். போடாவிட்டால் “பொண்டாட்டி அனுப்புறத எங்க பொதைக்கிறான்?” என்பார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அந்த வருடங்களில் அது வீட்டுக்குள் பானை சட்டிகளோடு நின்றுகொண்டது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கூச்சமாக இருந்தது தொலைபேசிதான். அப்போது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரிடமும் போன் கிடையாது. டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ரியாத்திலிருந்து அந்தக் கடைக்குப் போன் எடுப்பாள். நான் மகளையும் தூக்கிக்கொண்டு போய் வாங்குப் பலகையில் காத்திருப்பேன். பேசுவதற்கு ஒரு பலகைக் கூண்டு இருந்தது, ஆனால் அதற்குக் கதவு இல்லை. போட்டோ பிரதி எடுக்க வந்தவர்கள், தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள், கடைக்காரர், எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பேசியதெல்லாம் “சாப்பிட்டியா? ஒடம்பு சொகமா? இங்க மழ” என்பதுதான். அங்கே மழையைப் பற்றிக் கேட்டு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் மழையைப் பற்றி அவளுக்கு விவரமாகச் சொன்னேன்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடியும் சமயம் ஒரு ஞாயிறு அவள் சொன்னாள்: “லீவுல வாறேன். ஒரு மாசம் இருப்பேன். மேடம் திரும்பி வாறியான்னு கேக்குறா. என்னங்க சொல்லட்டும்?”

அந்த நேரம் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் தோட்டத்துக் கங்காணி. போகாதே என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. மகள் படத்தைக் காட்டினால்தான் அம்மா என்று சொல்கிறாள் என்பது பிடிக்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. ஒரு ஆம்பிளை கடை நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்று பெண்டாட்டியிடம் ‘நீ இல்லாம இருக்க முடியல, போகாத’ என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

“ஒன் இஷ்டம்” என்றேன்.

“சரிங்க. புள்ளயப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வாயை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் மேசையின் ஞாபகம் வந்தது. வாயால் வராததை அந்த மேசை சொல்லிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

அது பலா மரத்து மேசை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமான புதிதில் அவள் அதன் மேல் கைமிஷினை வைத்துத் தைத்தாள். கைப்பிடியை வலது கையால் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியைத் தள்ளுவாள். லயத்துப் பெண்களின் ரவிக்கை, பிள்ளைகளின் வெள்ளை யூனிபோர்ம், தீபாவளி வந்தால் பாவாடை சட்டை என்று மேசையில் இடமே இருக்காது. நன்றாகத் தைப்பாள். மிஷின் ஓடும் நேரத்தில் மட்டும் அவளிடம் யாரும் பேசக் கூடாது, பேசினால் என்னையும் சேர்த்துத் திட்டு விழும். பிள்ளை பிறந்த பிறகு தையலும் குறைந்தது, என் வரும்படியும் எட்டவில்லை. அடுத்த லயத்தில் இரண்டு பேர் வெளிநாடு போனதைப் பார்த்து இவளும் போனாள்.

அவள் போன அடுத்த மழையிலேயே கூரைத் தகரம் ஓட்டையாகி, தண்ணீர் நேரே மேசையில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது நடுப்பலகைகள் இரண்டும் விலகி, இடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஒரு காலைக் கறையான் தின்றிருந்தது. மிஷினை வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. மிஷினை நான் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆடுகிற மேசையில் கைமிஷின் ஓடாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

மேசையைச் சரிபண்ணி வைத்தால், அவள் வந்து பார்த்ததும், இங்கேயே தைத்துக்கொண்டு இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றும். நான் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. என் திட்டம் அவ்வளவுதான். அது எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமான திட்டமாகத் தெரிந்தது.

சும்மா ஆணி அடித்துச் சரிபண்ண எனக்கு மனம் வரவில்லை. அவள் அரண்மனை மாதிரி வீட்டில் வேலை செய்துவிட்டு வருகிறாள், அவள் கண்ணுக்கு ஏதாவது பட வேண்டாமா? மழை மாதங்களில் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை. அப்போது எங்களில் சிலர் குருவிட்டப் பக்கம் மாணிக்கக் கல்லுக்குழிகளில் கூலிக்குப் போவோம். அங்கே ஒரு மாணிக்க வியாபாரியின் வீட்டு முன்னறையில் ஒரு சின்ன மேசையைப் பார்த்திருந்தேன். மேல்பலகையில் கண்ணாடி போல ஏதோ ஊற்றி, அதற்குள் சிவப்பும் நீலமுமாகக் கற்களைப் பதித்திருந்தார்கள். ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் போல இருந்தது. அது ரெசின் என்று வீட்டு வேலைக்காரர் சொன்னார். விலை போகாத கற்களை அங்கே டல்லம் என்பார்கள். குழிக்காரர்கள் அதைக் கை நிறையக் கொடுப்பார்கள். என்னிடம் ஒரு பால்மா டின்னில் பாதிக்கு இருந்தது.

ரெசினுக்கு வரக்காப்பொலைக்குப் போனேன். கண்டி ரோட்டில் பஸ்ஸுக்குப் பொடி, அதாவது மேற்கூடு, அடிக்கிற கராஜ் ஒன்று இருந்தது, பைபர் வேலையும் செய்தார்கள். முதலாளி நல்ல மனிதர். ஒரு கேனில் ரெசின், சின்னப் போத்தலில் ஹார்ட்னர், ஒரு பொட்டலம் நீலச் சாயம், எல்லாம் தந்தார். “டிக்கக் தான்ன மல்லி, ஹொந்தட்ட கலவம் கரன்ன” என்றார். கொஞ்சமாய் ஊற்று தம்பி, நன்றாகக் கலக்கு என்று அர்த்தம். எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஒரு சொல் விடாமல் விளங்கியது. எவ்வளவு ரெசினுக்கு எவ்வளவு ஹார்ட்னர் என்று மூடியால் அளந்தே காட்டினார். ஹார்ட்னர் ஊற்றினால்தான் இறுகும் என்றார்.

“மங் தன்னவா” என்றேன். எனக்குத் தெரியும் என்று. அவர் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. ஏனென்றால் என் வேலையே அதுதான்.

நான் தோட்டத்து றப்பர் ஸ்டோரில் வேலை. மலையிலிருந்து வரும் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அசிட் ஊற்றித் தட்டுகளில் விடுவேன். காலையில் அது தயிர்போலக் கட்டியாகி இருக்கும். அதை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகை வீட்டில் தொங்கப் போட வேண்டும். இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், அசிட்டை அப்படியே பாலில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் ஓரிடத்தில் மட்டும் திரண்டு கட்டி கட்டியாகி ஷீட் கெட்டுப்போகும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக்கொண்டு, பிறகுதான் ஊற்ற வேண்டும். ஸ்டோரில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது இது. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதலாளி சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றாதே என்று ஒருவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த மனிதருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

ஒரு விடுமுறை நாள் மேசையை இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்தாழ்வாரத்தில், போட்டேன். வீட்டுக்குள் இடமில்லை. எங்கள் லயத்தில் பத்துக் குடும்பத்துக்கும் ஒரே நீளமான இஸ்தோப்பு, யார் என்ன செய்தாலும் எல்லோருக்கும் தெரியும். கறையான் தின்ற காலை வெட்டிவிட்டுப் புதுக் கட்டையைப் பொருத்தினேன். பலகைகளை உளியால் சுத்தம் செய்து, அடியில் தகரம் அறைந்து, வெடிப்பை ஒரு வாய்க்கால்போல ஆக்கினேன். அதில் கற்களைப் பரப்பினேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா, நான் வேலைக்குப் போகும் நேரம் என் மகளைப் பார்த்துக்கொள்பவர், வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு தம்பி இம்புட்டுச் சோடன?” என்றார்.

“சும்மாதாங்க்கா. ஒடஞ்சி கெடந்துச்சி.”

“சும்மாவுக்கு யாரு கல்லுப் பதிக்கிறா?” என்று சிரித்தார்.

நான் ஹார்ட்னரைக் கோப்பையில் விட்டு, அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். அதை நீலம் கலந்த ரெசினில் ஊற்றி, ஸ்டோரில் பால் கலக்குவதைப் போலவே நுரை எழும்பாமல் ஒரே பக்கமாகக் கலக்கினேன். நீலம் மெல்ல வெளுத்தது. கலங்கியது. பால்போல ஆனது. யாராக இருந்தாலும் அங்கேயே கையை எடுத்திருப்பார்கள். எனக்கோ அது பால் மாதிரி ஆனதும் சந்தோஷம். சரியான பதம் வந்துவிட்டது என்று அக்காவிடம் வேறு சொன்னேன். மேலே வந்த நுரையை அலுமினியத் தகட்டால் வழித்தெடுத்தேன். வெடிப்பில் நிரப்பினேன், மீதியைப் பலகை முழுவதும் பூசினேன். மருந்து நெடியில் லயத்துக்கே தலை வலித்தது. காலையில் இறுகிவிடும் என்று பாய்க்குப் போனேன்.

காலையில் விரலை வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது.

பனி, அதனால்தான் என்றேன். மறுநாளும் ஒட்டியது. அதற்கு அடுத்த நாளும் ஒட்டியது. கொசு ஒட்டியது, கோழி இறகு ஒட்டியது, பக்கத்து வீட்டு அடுப்புச் சாம்பல் ஒட்டியது. கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை, புளித்த கஞ்சி நிறத்தில் எல்லாவற்றையும் மூடியிருந்தது. என் மகள் ஒரு நாள் கையை அழுத்தி வைத்துவிட்டு எடுக்க முடியாமல் கத்தினாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று மேசையைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “இன்னும் காயலையா?” என்பது எனக்கு இரண்டாவது பட்டப்பெயர் ஆகிவிட்டது.

திரும்ப வரக்காப்பொலைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். ‘மங் தன்னவா’ என்று சொல்லிவிட்டு வந்த மூஞ்சியோடு எப்படிப் போவது? போகவில்லை. பதிலாக இன்னொரு புத்தி வந்தது. ஸ்டோரில் ஈர ஷீட்டை எதில் காய வைக்கிறோம்? புகையில்.

மேல்பலகையை மட்டும் கழற்றி, ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு, ஸ்டோருக்குத் தூக்கிப்போய்ப் புகை வீட்டில் ஷீட்டுகளுக்கு மேலே சாய்த்து வைத்தேன். மறுநாள் பால் கொண்டுவந்த பெண்கள் எல்லாம் வரிசையில் வாளியோடு நிற்கும்போது, ஸ்டோர் பொறுப்பாளர், நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம், புகை வீட்டுக் கதவைத் திறந்தார். அந்த நெடி வெளியே வந்தது.

“எவன்டா இங்க பொணத்த வச்சது?” என்று கத்தினார்.

பலகையை நானே வெளியே தூக்கி வந்தேன். அது இப்போது கருப்பட்டி நிறத்தில் இருந்தது. பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை, புகைக்கரி முழுவதையும் அது வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பொண்டாட்டி வாறான்னு மேசைக்குப் பொகை போட்டுப் பழுக்க வைக்கிறியா?” என்றார். பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனால் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறும்போது, முகம் மறைவாக இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவ்வளவு அவமானம்.

அவள் வந்தாள். இளைத்து, நிறம் வெளுத்து, கன்னம் ஒட்டி வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்த வான் நின்ற இடத்துக்கு லயமே வந்திருந்தது. மகள் அவளைப் பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு பொம்மையை மட்டும் நீட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது மேசை. நான் அதன் மேல் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடி, அதன் மேல் சாமிப் படத்தையும் வைத்திருந்தேன்.

“மேசய என்னங்க செஞ்சீங்க?” என்று படத்தை எடுத்துவிட்டு விரிப்பை இழுத்தாள். விரிப்பு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். மேசை விரிப்போடு சேர்ந்து அவள் பக்கம் நகர்ந்தது. வாசலில் நின்ற கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

“பொகை போட்டும் காயல” என்று யாரோ சொன்னார்கள்.

அவளும் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை அது, இரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. என்னைப் பார்த்து, “எதுக்குங்க இது?” என்று கேட்டாள்.

“சாமான் வைக்க” என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் அவள் இன்னொரு தடவையும் கேட்டாள். பீலிக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வைத்தவள், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

“மிஷின வித்துட்டீங்களா?”

“இல்ல. கட்டிலுக்குக் கீழ இருக்கு.”

அவள் குனிந்து பெட்டியை இழுத்துத் திறந்தாள். மிஷின் பளபளவென்று இருந்தது. மேசை வேலை தொடங்கியபோதே நான் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு, புது ஊசியும் மாட்டியிருந்தேன். அவள் ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரிப்பு ஒட்டிக் கிடந்த மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எதுக்கு எண்ணெ போட்டு வச்சிருக்கீங்க?”

அவள் குரல் தாழ்ந்திருந்தது. கேள்வி மிஷினைப் பற்றியதல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதிலும் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினார். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது, மேலே திறந்துதான் இருக்கும். ஒரு வீட்டில் முனகினால் அடுத்த வீட்டில் கேட்கும். முதலில் அதைத்தான் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. பெண்டாட்டியைப் போகாதே என்று சொல்கிற ஆண் அவளுக்குக் காட்ட ஏதாவது வைத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது தோட்டமே சிரித்த ஒரு பிசுபிசுத்த மேசை. அதை வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்பது என்று நாக்கு கூசியது.

“துருப் பிடிக்கும்ல. அதான்” என்றேன்.

“ம்” என்றாள். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்தக் கிழமையே கொழும்புக்குப் போய் ஏஜென்சியில் திரும்பப் போவதற்கு ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். மகள் அப்போதுதான் அவளோடு ஒட்டத் தொடங்கியிருந்தாள். விமான நிலையத்தில் பிள்ளை அழுத அழுகையை நான் எழுத விரும்பவில்லை. திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்து, “வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த தம்பி?” என்று கேட்டார். அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வரக்காப்பொலைக்குப் போனேன். இழக்க வேண்டியதை இழந்த பிறகு வெட்கம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது போலும். கராஜ் முதலாளி நான் செய்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஹார்ட்னரைக் கரைத்த இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“வத்துரத? பிஸ்ஸுத மல்லி?” என்றார். தண்ணீரா, பைத்தியமா தம்பி என்று. பிறகு வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டு, என்னையே திரும்பவும் சொல்ல வைத்தார். புகை வீட்டுக் கதையைச் சொன்னதும் ஒருவன் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். இது தண்ணீரைக் கண்டால் ஜென்மத்துக்கும் காயாது என்றார்கள்.

பழையதைச் சுரண்டி எடுக்கவே பல ஞாயிறுகள் போயின. விரிப்பைக் கிழித்துக் கிழித்து எடுத்தேன். கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தேன். பலகையை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, இந்த முறை புது ரெசினை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், மூடியால் அளந்து ஊற்றினேன். பின்னேரம் ஆகுமுன் கல்லாக இறுகிவிட்டது. தேய்த்து மெருகு ஏற்றியதும் பலா மரத்து மஞ்சளுக்கு நடுவில் நீல ஓடை ஒன்று ஓடியது, அதற்குள் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள். உண்மையாகவே அழகாக இருந்தது. முன்பு சிரித்தவர்களே தடவிப் பார்த்தார்கள். ஸ்டோர் ஐயாகூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

மேசை சரியாகிவிட்டது என்று அவளுக்குப் போனில் சொல்லவுமில்லை. சொன்னால், எதற்கு என்று மூன்றாவது தடவையும் கேட்பாளே.

அவள் அடுத்த லீவில் வரவில்லை, அங்கேயே இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டாள். பிறகு ஒருமுறை வந்துவிட்டு உடனே போக வேண்டியதாயிற்று. அந்த முறை மேசையைப் பார்த்தாள், நல்லாருக்கு என்றாள், அதன் மேல் பிள்ளைக்குக் கொண்டுவந்த உடுப்புகளைப் பிரித்துப் போட்டாள். அதோடு சரி. கடைசியாக ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மகளுக்குப் பெரிய பிள்ளையாகிற வயது வந்திருந்தது. லயத்தில் பாதிப் பேர் கையில் போன் வைத்திருந்தார்கள். என் மனைவியின் வலது மணிக்கட்டில் ஒரு பட்டி சுற்றியிருந்தது. நிலம் துடைத்து, கார்ப்பெட் தூக்கி, மலைமலையாகத் துணி பிழிந்த கை.

வந்து சில நாட்கள் கழித்து, ஒரு மத்தியானம், நான் சொல்லாமலே அவள் பெட்டியிலிருந்து மிஷினைத் தூக்கி மேசையில் வைத்தாள். மகளின் பாவாடையில் ஓரம் பிரிந்திருந்தது. ஊசியில் நூல் கோர்த்து, துணியை வைத்து, கைப்பிடியைப் பிடித்தாள். மேசை ஆடவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். திரும்பப் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மணிக்கட்டைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வாய் திறந்தது.

“அன்னைக்கு அந்த மேசய... நீ போகாம இங்கேயே இருக்கணும்னுதான் செஞ்சேன். தைச்சிக்கிட்டு இருப்பன்னு.”

“தெரியும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா?”

“மிஷினுக்கு எண்ணெ போட்டிருந்தீங்களே. அது போதாதா?” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அதான் கேட்டேன். ஒங்க வாயால வரட்டும்னு பாத்தேன். போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வெறும் பலகையப் போட்டுக்கூட தைச்சிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. அவள் மிஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். நான் தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.